செம்மறிக் குட்டிக்கு எவ்வளவு தாது உப்பு? வடசென்னையில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு

மாதவரத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் முதன்முதலாக ஆறு செம்மறிக் குட்டிகளை விட்டபோது எனக்குத் தெரிந்த ஒரே தாது உப்பு, மாட்டுக்குப் போடும் தாது உப்புதான். தீவனக் கடையில் கேட்டேன். "ஆட்டுக்கும் இதுதான் சார், தாராளமா போடுங்க" என்றார்கள். தாராளமாகப் போட்டேன், குட்டிக்குத் தினம் ஒரு கைப்பிடி. இரண்டு மாதம் குட்டிகள் பளபளவென்றுதான் இருந்தன. அப்புறம் ஒரு மே மாத மத்தியானம் அவற்றைக் குட்டியானை வண்டியில் ஏற்றி உறவினர் வீட்டு இடத்துக்கு மாற்றினோம். மறுநாள் காலையில் ஒரு குட்டி டிக்காஷன் நிறத்தில் மூத்திரம் பெய்தது. கண் மஞ்சளாக இருந்தது. அன்று ராத்திரியைத் தாண்டவில்லை.

அறுத்துப் பார்த்த டாக்டர் சிறுநீரகத்தைக் காட்டினார். கருநீலமாக, துப்பாக்கி இரும்பு மாதிரி இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன உப்பு போடறீங்க?" செம்பு விஷம். இரண்டு மாதமாகக் கல்லீரலில் ஏறிக்கொண்டே வந்து, வண்டிப் பயணமும் வெயிலும் கொடுத்த அதிர்ச்சியில் மொத்தமாக ரத்தத்தில் இறங்கி, சிவப்பணுக்களை உடைத்துவிட்டது.

அந்த ஒரு குட்டிக்காகத்தான் இதை எழுதுகிறேன். புழல், செங்குன்றம், மணலி, மீஞ்சூர் பக்கம் நாலைந்து குட்டி வாங்கிக் கட்டலாம் என்று நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் படித்துவிடுங்கள்.

ஆடு என்று சொல்லாதீர்கள், செம்மறி என்று சொல்லுங்கள்

நம் மொழியில் ஒரு சௌகரியம் உண்டு. ஆடு என்ற ஒரே சொல்லில் வெள்ளாட்டையும் செம்மறியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். கறிக்கடைக்கு அது போதும், தாது உப்புக்குப் போதாது. வெள்ளாடு செம்பை ஓரளவு நன்றாகவே தாங்கும். மாடு இன்னும் நன்றாகத் தாங்கும். செம்மறியின் கல்லீரல் மட்டும் செம்பை வெளியே தள்ளத் தெரியாமல் சேர்த்துக்கொண்டே போகும். கொசப்பூர்ப் பக்கம் மேய்க்கும் ஒரு பெரியவர் இதை எனக்கு ஒரே வரியில் சொன்னார்: "வெள்ளாடு துப்பிடும், செம்மறி சேத்து வெச்சுக்கும் தம்பி." குட்டி செத்த பிறகுதான் அவரைச் சந்தித்தேன் என்பது வேறு விஷயம்.

ஆகவே கடையில் உங்கள் கேள்வி "ஆட்டுத் தாது உப்பு இருக்கா?" என்று இருக்கக் கூடாது. "செம்மறிக்கு, செம்பு சேர்க்காதது, இல்லை குறைவாகச் சேர்த்தது இருக்கா?" என்று கேளுங்கள். பாக்கெட்டின் மேல் ஆட்டுப் படம் போட்டிருப்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் பக்கத்து இனம் மெட்ராஸ் சிவப்பு. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரத்துச் செம்மறி, கம்பளி கிடையாது, முடி மட்டும்தான். ஆந்திரப் பக்கமிருந்து வரும் நெல்லூர்க் குட்டியும் இங்கே அதிகம் கிடைக்கும். இரண்டில் எதை வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் தராசு

எவ்வளவு தாது உப்பு வேண்டும் என்பது குட்டி எவ்வளவு தின்கிறது என்பதைப் பொறுத்தது. அது குட்டியின் எடையைப் பொறுத்தது. எனவே முதல் செலவு உப்பு அல்ல, ஒரு தொங்கு தராசு. கோணிப்பையில் நாலு கால் ஓட்டை போட்டு, குட்டியை அதில் இறக்கித் தொங்கவிட்டால் எடை தெரிந்துவிடும். 15 நாளைக்கு ஒரு தடவை, காலையில் தீவனம் வைக்கும் முன், எடை போட்டு எழுதி வையுங்கள்.

வளரும் குட்டி தன் எடையில் ஏறக்குறைய 4 சதவீதம் உலர்பொருளாகத் தின்னும். ஈரத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் உலர்பொருள். பசும்புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், காய்ந்த கடலைக்கொடியில் பத்தில் ஒன்பது. அப்படியானால் 15 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு 600 கிராம் உலர்பொருள். இந்த 600 என்ற எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வேண்டியிருக்கும்.

தேவை எவ்வளவு

கால்நடை ஊட்டச்சத்துக் கணக்கில் வளரும் செம்மறிக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவுகள் இவை. ஒரு கிலோ உலர்தீவனத்தில் இரும்பு 30 முதல் 50 மில்லிகிராம், துத்தநாகம் 20 முதல் 33, மாங்கனீசு 20 முதல் 40, செம்பு 7 முதல் 11, அயோடின் 0.1 முதல் 0.8, கோபால்ட் 0.1 முதல் 0.2, செலினியமும் 0.1 முதல் 0.2. நம் 15 கிலோ குட்டிக்கு 0.6ஆல் பெருக்கினால் செம்பு நாளைக்கு 4 முதல் 6.5 மி.கி., துத்தநாகம் 12 முதல் 20 மி.கி., கோபால்ட் 0.12 மி.கி.க்குள். ஏழு தாதுக்களையும் மேல்வரம்பிலேயே எடுத்துக் கூட்டினாலும் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வராது. இதில் பெரும்பகுதி புல்லிலும் புண்ணாக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது. நாம் கொடுப்பது குறையை நிரப்ப மட்டுமே.

இப்போது என் கைப்பிடிக் கணக்கைப் பாருங்கள். பாக்கெட்டில் செம்பு 0.1 சதவீதம் என்று போட்டிருந்தது. பார்க்கச் சின்ன எண். ஆனால் 0.1 சதவீதம் என்றால் ஒரு கிராம் உப்பில் 1 மி.கி. செம்பு. என் கைப்பிடி 25 கிராம். தினம் 25 மி.கி. செம்பு, 600 கிராம் தீவனத்துக்கு. கிலோவுக்கு 40 மி.கி.க்கு மேல். செம்மறிக்குத் தாங்கும் எல்லை என்று சொல்வது 15தான். மாலிப்டினம் (செம்பைக் கட்டிப்போடும் இன்னொரு தாது) குறைவான தீவனமென்றால் அந்த 15கூடப் பல மாதத்தில் ஆபத்தாகலாம்.

பாக்கெட்டில் சதவீதம் போட்டிருந்தால் 10ஆல் பெருக்குங்கள், ஒரு கிராமில் எத்தனை மி.கி. என்று வந்துவிடும். பிபிஎம் என்று போட்டிருந்தால் அது ஒரு கிலோவில் எத்தனை மி.கி. என்பது. அளவே போடாத பாக்கெட்டை வாங்காதீர்கள். "சகல தாதுக்களும் அடங்கியது" என்பதெல்லாம் அளவு ஆகாது.

செம்பு ஒளிந்திருக்கும் இடங்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன், என்னை அடித்தது இதுதானே.

முதல் இடம், கோழித் தீவனமும் பன்றித் தீவனமும். அவற்றில் செம்பு வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்ப்பதுண்டு. மிச்சம் கிடைக்கிறது, மலிவு என்று குட்டிக்குக் கொட்டாதீர்கள். கோழி எருவைக் காய வைத்துத் தீவனத்தில் கலப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் இதே கணக்குதான்.

இரண்டாவது மயில்துத்தம். அது செம்பு சல்பேட்டேதான். முன்பு குடற்புழுவுக்கு மயில்துத்தக் கரைசலை வாயில் ஊற்றும் வழக்கம் இருந்தது. இன்றும் யாராவது சொல்வார்கள். வேண்டாம், அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. கால்குளம்பு அழுகலுக்குத் தொட்டியில் கால் நனைக்க மயில்துத்தம் கரைத்து வைப்பதும் சிக்கல். தாகத்தில் குட்டி அதையும் குடித்துவிடும். அதற்குப் பதில் 10 சதவீத ஜிங்க் சல்பேட் கரைசல் போதும், வேலையும் நன்றாகவே செய்யும். அதையும் குடிக்க விடக் கூடாது.

மூன்றாவது, நம் ஆசை. மூட்டையில் வாங்கும் குச்சித் தீவனத்தில் தாது உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும். அதன் மேல் தாது உப்பு, குட்டி நக்குவதற்காகக் கொட்டகையில் தொங்கும் தாது உப்புக் கட்டியான நக்குக் கட்டி, வாரத்துக்கு ஒரு லிவர் டானிக், யாரோ சொன்னார்கள் என்று ஒரு மினரல் சிரப். ஐந்தும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான அளவில்தான் இருக்கும். குட்டியின் கல்லீரலுக்கு ஐந்தும் ஒரே கணக்கு. எதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குட்டியிடம் இன்னும் ஜாக்கிரதை. பால்குடிக் குட்டி வாய்க்குப் போகும் செம்பில் முக்கால் பங்குவரை உறிஞ்சிக்கொள்ளும். பால் மறந்து அசைபோடத் தொடங்கிய குட்டி பத்தில் ஒரு பங்குகூட உறிஞ்சாது. அதனால் பால் மறக்காத குட்டிக்குச் செம்பு உள்ள சிரப் எதுவும் டாக்டர் சொல்லாமல் தரக் கூடாது.

ரத்தத்தில் செம்பு அளவைப் பரிசோதித்தால் முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். தெரியாது. கல்லீரல் நிரம்பி வழியும்வரை ரத்தத்தில் செம்பு அளவு ஒழுங்காகவே காட்டும்.

இவ்வளவு சொன்னதற்காகச் செம்பே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சினை ஆட்டுக்குச் செம்பு போதாமல் போனால், பிறக்கும் குட்டி பின்னங்கால் தள்ளாடி, நிற்க முடியாமல் கிடக்கும். நரம்பின் உறை சரியாக உருவாகாததால் வரும் கோளாறு அது, வந்த பிறகு சரி செய்வது கடினம். அப்படி ஒரு குட்டி பிறந்தால் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்லும் அளவில் செம்பு கொடுங்கள்.

நம் ஊர்த் தண்ணீரும் மேய்ச்சலும்

புத்தகக் கணக்கு இங்கேதான் மாறும். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. உப்புத் தண்ணீர் குடிக்கும் குட்டிக்கு உப்பு மேல் ஆசை இருக்காது. நக்குக் கட்டியைத் தொங்கவிட்டால் முகர்ந்துகூடப் பார்க்காது, கட்டியை நம்பி உட்கார்ந்தால் கோபால்ட்டும் அயோடினும் உள்ளே போகாது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் உள்ளவர்கள் தாது உப்பை அடர்தீவனத்தில் (மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) கலந்துதான் தர வேண்டும்.

போர் தண்ணீர் வாளியில் ஒரு ராத்திரி நின்றால் செங்காவியாகப் படிகிறதா? அது இரும்பு. இரும்பு அதிகமானாலும், தண்ணீரில் சல்பேட் அதிகமானாலும், செம்பு உடம்பில் சேருவது குறையும். இந்தத் தண்ணீர் குடிக்கும் குட்டிக்குச் செம்புக் குறைவு வர வாய்ப்பு உண்டு. ஆகவே மணலியில் ஒருவர் சொல்லும் அளவை மாதவரத்தில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தண்ணீரை ஒரு தடவை பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு உப்பைத் தீர்மானியுங்கள்.

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் படிந்த புல்லை மேய விடாதீர்கள். நிலக்கரிச் சாம்பலில் மாலிப்டினமும் செலினியமும் செறிந்திருக்கும், அதில் வளரும் செடிகளும் அவற்றை இழுத்துக்கொள்ளும். மாலிப்டினம் கூடினால் அது கந்தகத்தோடு சேர்ந்து இரைப்பையிலேயே செம்பைக் கட்டிப்போட்டுவிடும். செம்புக்கும் மாலிப்டினத்துக்கும் உள்ள விகிதம் 6க்கு 1 முதல் 10க்கு 1 வரை இருந்தால் நிம்மதி. 10க்கு மேல் போனால் செம்பு விஷ ஆபத்து, 2க்குக் கீழே போனால் செம்புப் பஞ்சம். கொடுங்கையூர் மாதிரிக் குப்பைமேட்டு ஓரங்கள் வேறு வகை ஆபத்து. பழைய பேட்டரி, பெயிண்ட் டப்பா எல்லாம் காரீயம். அங்கே மேய்ந்த குட்டிக்கு எந்தத் தாது உப்பும் உதவாது.

காய்கறிக் கடையில் சும்மா கிடைக்கும் முட்டைக்கோஸ் இலை, காலிஃபிளவர் தழை விஷயத்துக்கு வருவோம். நானும் போட்டேன், எல்லோரும் போடுகிறோம், குட்டிகளுக்கும் கொள்ளை ஆசை. ஆனால் இந்தக் குடும்பத்துத் தழைகளில் அயோடின் வேலையைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. கடுகுப் புண்ணாக்கும் அப்படியே. சினை ஆட்டுக்கு இதையே தினமும் போட்டால் குட்டி கழுத்து வீங்கி, முடி குறைந்து, பலவீனமாகப் பிறக்கலாம். வாரத்தில் இரண்டு நாள், மற்ற தழையோடு கலந்து என்றால் பரவாயில்லை. அடர்தீவனத்தில் கல்லுப்பு போடாமல் அயோடின் கலந்த வீட்டு உப்பைப் போடுங்கள். ஒரு கிலோவுக்கு நாலு ரூபாய் மிச்சம் பிடித்து ஆவது ஒன்றுமில்லை.

மற்ற தாதுக்கள், சுருக்கமாக

கோபால்ட் தனியாக உடம்புக்கு வேண்டியதில்லை. இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதை வைத்துத்தான் பி12 வைட்டமின் தயாரிக்கின்றன. அது குறைந்தால் குட்டி நல்ல புல்லுக்கு நடுவே நின்றுகொண்டு தின்னாமல் மெலியும், கண்ணில் நீர் வடியும். ஆஸ்திரேலியாவில் இப்படிக் காரணம் தெரியாமல் ஆடுமாடுகள் உருகிச் செத்துக்கொண்டிருந்தன. 1935இல்தான் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இருவர் குறை கோபால்ட்டில் என்று கண்டுபிடித்தார்கள். அங்கே தெற்குக் கடற்கரையின் சுண்ணாம்பு மணல் நிலத்தில் வந்த நோய்க்குக் கோபால்ட், செம்பு இரண்டுமே குறைந்ததுதான் காரணம். வளரும் குட்டிகளையே இது அதிகம் தாக்கும். தாது உப்பில் கோபால்ட் இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

துத்தநாகம் குறைந்தால் தோல் தடித்து வெடிக்கும், வாயில் எச்சில் ஒழுகும், கிடாக்குட்டியின் விதைப்பை வளராது. சுண்ணாம்புச் சத்தை அள்ளிக் கொட்டினால் துத்தநாகம் உடம்பில் சேருவது குறையலாம்.

செலினியத்தில் தேவைக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிலோவுக்கு 0.2 மி.கி. தேவை, 2 மி.கி. தாண்டினால் ஆபத்து. குறைந்தால் தசை வெளுத்துக் குட்டி விறைத்து நடக்கும். ஊசி போட வேண்டும் என்றால் டாக்டர்தான் போட வேண்டும்.

இரும்பு பெரும்பாலும் குறையாது, மண்ணிலும் தண்ணீரிலும் ஏராளம். பாலில் இரும்பு குறைவு என்பதால், மண்ணே படாத பரண் கொட்டகையில் பால் மட்டும் குடிக்கும் குட்டிக்கு வேண்டுமானால் குறையலாம். மற்றபடி குட்டியின் கண் இமை உள்பக்கம் வெளுத்திருந்தால் முதல் சந்தேகம் இரும்பு அல்ல, ரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழு. மழைக்குப் பிறகு கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் புழு மருந்து கேளுங்கள். புழுவை வைத்துக்கொண்டு தாது உப்பு போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

கலக்கும் முறை

குட்டி பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் தாய் நுழைய முடியாத ஒரு சின்னத் தடுப்புக்குள் அடர்தீவனம் வைக்கத் தொடங்கலாம். நான் 10 கிலோ கலப்பேன்: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2.5 கிலோ, செங்குன்றம் மில் தவிடு 2 கிலோ, பருப்புப் பொட்டு 1.2 கிலோ, செம்மறிக்கான தாது உப்பு 200 கிராம், அயோடின் உப்பு 100 கிராம். 15 கிலோ குட்டி இதில் 150 முதல் 200 கிராம் தின்னும். தாது உப்பு 3 முதல் 4 கிராம் உள்ளே போகும், அது போதும்.

இந்த 200 கிராமை நேராகக் கொட்டிக் கிளறினால் ஒரு பக்கம் குவிந்துவிடும். முதலில் அரைக் கிலோ தவிட்டில் கலந்து, அதை இன்னும் ஒரு கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் போடுங்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். மலிவாகக் கிடைக்கிறது என்று தவிட்டையே கூட்டினால் கிடாக்குட்டிக்கு மூத்திரப் பாதையில் கல் அடைக்கும். மூத்திரம் போக முடியாமல் முக்கும் கிடாவை அரை நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மீதி வயிற்றை அகத்தி, பூவரசு, கடலைக்கொடி, புல் என்று மாற்றி மாற்றி நிரப்புங்கள். ஒரே தழையைத் தினமும் போடுவதைவிடப் பல தழை கொடுப்பதில் பாதித் தாதுக் குறை தானாகவே சரியாகும்.

மூட்டைக் குச்சித் தீவனம் கொடுப்பவர்கள் இந்தத் தாது உப்பைச் சேர்க்க வேண்டாம்.

ஏதாவது நடந்தால்

மூத்திரம் சிவப்பாகவோ டிக்காஷன் நிறத்திலோ வந்தால், கண் மஞ்சளானால், தாது உப்பையும் புண்ணாக்கையும் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் இப்படி வரலாம், அதை அவர்தான் பிரித்துச் சொல்ல முடியும். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமே மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. போகும்போது தாது உப்பு பாக்கெட்டையும் தீவன மூட்டையின் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். நான் வெறுங்கையோடு போய், பாக்கெட்டுக்காகத் திரும்ப வீட்டுக்கு ஓடினேன்.

ஒன்று விழுந்தால் மற்றவையும் அதே உப்பைத்தான் தின்றிருக்கும். அவற்றை வண்டியில் ஏற்றாதீர்கள், பட்டினி போடாதீர்கள், நாய் துரத்த விடாதீர்கள். மாலிப்டினம் கலந்த மருந்து ஒன்று உண்டு, கல்லீரலில் சேர்ந்ததை மெதுவாக இறக்கும், டாக்டர் அளவு சொல்லித் தருவார். என் மீதி ஐந்து குட்டிகளுக்கும் அதைத்தான் பல நாள் தீவனத்தில் கலந்து கொடுத்தோம். ஐந்தும் பிழைத்தன. அதில் ஒரு பெட்டை இப்போது மூன்றாவது ஈற்றில் இருக்கிறது.